கறவை ஆட்டுக்குப் புழு மருந்து: எதை, எந்த ஆட்டுக்கு?

ஐப்பசி அடைமழை கொஞ்சம் விட்டதும் எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் ஆட்டுக்கொட்டகைகளில் ஒரே பேச்சுதான்: புழு மருந்து ஊத்தியாச்சா? ஊற்றுவது சரி. எதை ஊற்றுவது, எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவதா என்பதில் ஆளுக்கொரு கட்சி. பாலுக்காகத் தலச்சேரி ஆடு 11 வைத்திருக்கிற என் கட்சி, கண்ணைப் பார்த்து ஊற்றுகிற கட்சி. ஆனால் அதற்கு நான் வந்து சேர்ந்தது அடிபட்டுத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொட்டகை முழுக்க ஊற்றிவிடுவது பழைய வழி. ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு கார்த்திகையில், அல்பெண்டசோல் ஊற்றி 20 நாள்கூட ஆகவில்லை, செவலை ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை போலத் தொங்கியது. பால் பாதியாகிவிட்டது. புழுக்கையைப் பரிசோதித்தால் முட்டை நிறைய. "எத்தனை கிலோவுக்கு ஊத்துனீங்க?" என்றார் டாக்டர். நான் எடையே போடவில்லை. குத்துமதிப்பாக 8 மில்லி. நெல் மூட்டைத் தராசில் கட்டித் தூக்கிப் பார்த்தால் ஆடு 32 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தால், 2.5 சதவீத மருந்தில் கிட்டத்தட்ட 13 மில்லி போயிருக்க வேண்டும். வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கான அளவை அப்படியே ஊற்றுவதும் குறைத்து ஊற்றுவதும் ஒன்றுதான்.

குறைந்த அளவில் தப்பிக்கிற புழு, மருந்துக்கு அசையாத புழு. நாலாவது வயிற்றில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுகிற ஹீமாங்கஸ் பெண் புழு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து போனால், அடுத்த மழைக்கு மேய்ச்சல் தரையில் மிஞ்சுவது அந்தத் தப்பித்த வம்சம் மட்டும்தான். நன்றாக இருக்கிற ஆட்டை விட்டுவைத்தால் மருந்துக்குச் சாகிற புழுவும் தரையில் கலந்திருக்கும்.

கண் பார்க்கிற முறை தென்னாப்பிரிக்காவில் வண்ண அட்டையோடு வந்தது. வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, மேல் இமையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, கீழ் இமையை இறக்க வேண்டும். உள்சதை பிதுங்கித் தெரியும், ரத்தம் குறைந்த ஆட்டுக்கு அது வெளுத்திருக்கும். ஓரிரு நொடிக்குள் நிறம் பார்த்துவிட வேண்டும். அட்டையில் நல்ல சிவப்பு 1, வெள்ளை 5. முதல் இரண்டுக்கு மருந்து வேண்டாம், 4-க்கும் 5-க்கும் உடனே. 3 என்றால் குட்டிக்கும் சினைக்கும் மெலிந்ததற்கும் கொடுத்துவிடுவேன். மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை பார்க்கிறேன். ஒன்றை மறக்கக் கூடாது: இது ரத்தம் உறிஞ்சுகிற புழுவுக்கான சோதனை. நாடாப்புழுவை இமை காட்டாது. இளங்குட்டிக் கழிச்சல் காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் கிருமியாலும் வரும், அதற்குப் புழு மருந்து வேலைக்காகாது.

மருந்துக்கு வருவோம். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்று தோற்ற கொட்டகையில் மற்றதும் பெரும்பாலும் தோற்கும். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடாது, ஃபென்பெண்டசோல் பரவாயில்லை. லெவாமிசோல் வேறு குடும்பம், நல்ல மாற்று. ஆனால் கொஞ்சம் கூடினாலும் வாயில் எச்சில் ஒழுகி ஆடு நடுங்கும். எடை போடாமல் தொடவே கூடாது. ஐவர்மெக்டின் ஊசியைக் கறக்கிற ஆட்டுக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, வாரக்கணக்கில் பாலில் வந்துகொண்டிருக்கும். குளோசாண்டெலும் அப்படித்தான், பால் வற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த மருந்தானாலும் எத்தனை நாள் பால் விற்கக் கூடாது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன்.

டெல்டாவுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு, தட்டைப்புழு. சம்பா அறுப்பு முடிந்து தாளில் மேய விடும்போது வாய்க்கால் ஓரத்து நத்தையிலிருந்து வருகிறது. அதற்கும் இமை வெளுக்கும், தாடை வீங்கும். அதனால் புழுக்கைப் பரிசோதனை இல்லாமல் மருந்தை மாற்றக் கூடாது. வளர்ந்த தட்டைப்புழுவுக்கு ஆக்ஸிகுளோசனைடு கொடுப்பார்கள்.

பக்கத்துத் தெரு அத்தை இதில் எதையும் நம்புவதில்லை. வேப்பிலை, தும்பை, பூண்டு, மிளகு, சீரகம், பாகற்காய் அரைத்து, வெல்லம் சேர்த்து உருட்டி, உப்பில் தொட்டு நாக்கில் தடவுகிறார். "எட்டு வருஷமா ஒரு பாட்டில் வாங்கினதில்லப்பா" என்பார். அவர் ஆடுகள் தெம்பாகத்தான் இருக்கின்றன. நானும் இமை சிவந்த ஆட்டுக்கு உருண்டை கொடுக்கிறேன். வெளுத்த ஆட்டை அதை நம்பி விட மாட்டேன். அத்தையின் உருண்டையோடு அவர் கொட்டகையையும் பார்க்க வேண்டும்: பனி காய்ந்து பத்து மணிக்குத்தான் அவிழ்க்கிறார். அதற்குள் ஈரப் புல்லில் ஏறிய புழுக்குஞ்சு கீழே இறங்கியிருக்கும். திரும்பி வந்தால் கிளுவையும் அகத்தியும் கழுத்து உயரத்தில் கட்டித் தொங்குகின்றன. ஒரு தழைகூடத் தரையில் கிடப்பதில்லை.