கோண்டாவிலில் ஒரு மூட்டு வைத்திய நிலையம்: இடுப்பு நோவோடு போன தையற்காரி எழுதுவது

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியால் வரும்போது, கோண்டாவில் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் மூட்டு, முதுகு, இடுப்பு நோவுக்குக் கையால் சிகிச்சை செய்கிற சின்ன நிலையம் ஒன்று இருக்கிறது. இடுப்பு நோவோடு அங்கே போய் இப்போது நன்றாக இருக்கிறேன். அங்கே பார்க்கிற தம்பி விளம்பரம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் கூடினால் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற நேரம் குறைந்துவிடும் என்பது அவர் கவலை. அதனால்தான் பெயர் போடவில்லை. சந்தியில் விசாரித்தால் காட்டுவார்கள்.

எனக்கு ஊர் உரும்பிராய். வீட்டோடு தையல். கால் மிதி மெசின்தான், வலது கால்தான் எப்போதும் முன்னுக்கு. நோவும் வலது பக்கம்தான், இடுப்பின் வெளிப்புறத்தில், தொடை தொடங்குகிற இடத்தில். பகலில் வேலைக் கவனத்தில் தெரியாது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் உளைவெடுத்து எழும்ப வேண்டிவரும். துணி வெட்ட நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தால், எழும்புவதற்கு யாராவது கை தர வேண்டும். எல்லாரும் நாரிப்பிடிப்பு என்றார்கள். எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தேன், பிளாஸ்டரும் ஒட்டினேன். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்து எலும்பில் பிழை ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். அது பெரிய ஆறுதல். ஆனால் நோ போகவில்லை.

முதுகெலும்பையும் மூட்டையும் கையால் அமத்தி வைத்தியம் செய்கிற கைரோபிராக்டரிடம் போகச் சொன்னது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மகன். பெட்டி தூக்குகிற வேலை அவனுக்கு, நாரி பிடித்தால் அவர்களிடம்தான் ஓடுவான். அவன் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் அவர்கள் பதிவுபெற்ற தொழில்காரர்கள். டொறொன்ரோவில் 1945இலிருந்து அதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது, நாலு வருடப் படிப்பு. அரசாங்கக் காப்புறுதி 2004 கடைசியோடு அதற்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது. வேலைத்தலக் காப்புறுதி இருப்பதால் அவனுக்குச் சமாளிக்க முடிகிறது. இந்த வைத்தியம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பாமர் என்பவர் 1895இல் தொடங்கியது என்றும், எலும்பு விலகுவதால்தான் எல்லா வருத்தமும் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள் என்றும் மகனே சொன்னான். யாழ்ப்பாணத்தில் அந்தப் பட்டம் பெற்ற ஒருவரை நான் காணவில்லை. போன் வீடியோக்களில் டக் டக்கென்று முறித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு அதே மாதிரிச் செய்கிறவர்கள் மட்டும் வந்துவிட்டார்கள்.

அப்படி ஒரு இடத்துக்குத்தான் முதலில் போனேன். எந்த இடம் என்று சொல்லவில்லை. படுக்க வைத்து இரண்டு குதிக்காலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு கால் கட்டை, இடுப்பெலும்பு விலகியிருக்கு" என்றார்கள். எங்கே நோகிறது என்று விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பல தடவைக்கான காசை முன்னரே கட்டச் சொன்னார்கள். இடுப்பு நோ என்று போன என் கழுத்தை, ஒரு வார்த்தை கேட்காமல் திருகினார்கள். ஒரு கிழமை தலை சுற்றியது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கழுத்தைத் திருகும்போது மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் கிழிவது அரிதிலும் அரிது, ஆனால் நடந்தால் பாரிசவாதம் வரை போகும். ஆளைக் கேட்காமல் யாரும் அதில் கை வைக்கக்கூடாது.

கோண்டாவில் தம்பி முதல் வசனத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நான் கைரோபிராக்டர் இல்லை அன்ரி. பிசியோதெரபி படிச்சனான், மூட்டை அசைச்சுச் செய்யிற வைத்தியத்தைப் பிறகு பழகினனான்." எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் கேள்விதான். விழுந்தீர்களா, காய்ச்சல் இருக்கிறதா, காரணமில்லாமல் உடம்பு மெலிகிறதா, ஸ்டீரொயிட் குளிசை நெடுநாள் போட்டீர்களா, முன்னே புற்றுநோய் ஏதாவது வந்ததா, கால் விறைக்கிறதா, சலம் கட்டுப்பாடில்லாமல் போகிறதா. மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதை அங்கே உதவிக்கு நிற்கிற பிள்ளை தனியாகக் கேட்டுக் குறித்தாள். நின்ற பிறகு எலும்பு தேய்ந்து இலேசாகிறவர்களுக்கு இழுத்து முறிக்கிற வைத்தியம் ஆபத்து என்பதால்தான் அந்தக் கேள்வி. என்னைத் தொட முன்னரே இவ்வளவையும் கேட்டது இவர் ஒருவர்தான்.

"ஒரு விரலால் நோவிற இடத்தைக் காட்டுங்கோ" என்றார். காட்டினேன். இடுப்பு நோ என்று வருகிற எல்லாருக்கும் ஒரே இடத்தில் நோவதில்லை. பந்தும் கிண்ணமுமாகப் பொருந்துகிற இடுப்பு மூட்டே பழுதானால் நோ பெரும்பாலும் முன்பக்கம், தொடைச்சந்தில் தெரியும். பின்பக்கம், குண்டிச் சதையில் தெரிந்தால் நாரியிலிருந்து இறங்குகிற நோவாகவும் இருக்கலாம். எனக்கு வெளிப்புறம். மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை மடித்துக் காலை உள்ளுக்கும் வெளிக்கும் திருப்பிப் பார்த்தார், நோவில்லை. சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு வலது காலில் நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரம்தான், அதே நோ அதே இடத்தில் வந்துவிட்டது.

அங்கே தொடையெலும்பின் மேற்பக்கம் கணுக்கால் முழி மாதிரி ஒரு புடைப்பு இருக்கிறது. குண்டித் தசைகள் நாணாக ஒடுங்கி அந்தப் புடைப்பில்தான் ஒட்டுகின்றன. காலுக்கு மேல் கால் போட்டு இருந்தாலும், ஒரு பக்கம் இடுப்பைச் சரித்து நின்றாலும், அந்த நாண் எலும்போடு அமுங்கி நைகிறது. நாற்பது தாண்டிய பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறதாம். எலும்பு விலகவுமில்லை, கால் கட்டையுமில்லை. குதிக்கால் ஒன்று மேலே தெரிவது பலருக்குப் படுத்திருக்கிற விதத்தில் வருவது என்று சொல்லி, என்னை நேராகப் படுக்க வைத்து இஞ்ச் நாடாவால் அளந்தும் காட்டினார். நாள் முழுக்க அளவு நாடாவோடு வேலை செய்கிறவள் நான், இரண்டு காலும் ஒரே அளவு என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

முறிக்கிற வேலையும் நடந்தது. நாரியின் கீழ்ப்பக்கம் இறுகியிருக்கிறது என்று சொல்லி, செய்யலாமா என்று கேட்டு, நான் சரி என்ற பிறகு சரித்துப் படுக்க வைத்து ஒரு அமத்து. சத்தம் வந்தது. உடனே உடம்பு இலேசானது உண்மை. ஆனால் அவர் என்னை அதில் மயங்க விடவில்லை. அந்தச் சத்தம் எலும்பு இருந்த இடத்துக்குத் திரும்புகிற சத்தம் இல்லையாம். மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான நீரில் திடீரென்று அழுத்தம் குறைய ஒரு வாயு வெளி உண்டாகிறது, அதன் சத்தம்தான். கனடாவில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை இழுத்துச் சொடுக்கு விழும்போதே எம்ஆர்ஐயில் படம்பிடித்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். "இதால கொஞ்ச நேரம் நோ குறையும், அந்த நேரத்தில பயிற்சி செய்ய வேணும்" என்றார். அவர் சொன்னபடியே இரவு நோ திரும்பி வந்தது.

சுகம் தந்தது பயிற்சிதான். மல்லாக்கப் படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துவது, சுவரோடு நின்று காலைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிப்பது, பிறகு படியில் மெதுவாக ஏறி இறங்குவது. நோ தாங்கக்கூடிய அளவில் இருந்தால் செய்யலாம், அடுத்த நாள் கூடியிருந்தால் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. அந்தத் தலையணை என் நித்திரையைத் திருப்பித் தந்தது என்றே சொல்லுவேன்.

அதோடு என் தொழிலை அவர் கேட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மெசினில் நான் இருக்கிற படத்தை மகளைக் கொண்டு போனில் எடுத்துவரச் சொன்னார். கதிரை உயரம் குறைவு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கிறது என்று காட்டினார். இப்போது கதிரையில் மெத்தை போட்டு உயர்த்தியிருக்கிறேன். மெசினுக்கு மோட்டர் பூட்டிவிட்டேன். துணியை நிலத்தில் வெட்டாமல் சாப்பாட்டு மேசையில் வெட்டுகிறேன். பொபின் ஒன்று முடிகிற நேரம் எழும்பி ஒரு நடை. திருவலையில் இருந்து தேங்காய் திருவுவது மட்டும் இன்னும் மகள் வேலை. ஊரில் எத்தனை பெண்கள் மெசினுக்கு முன்னால் இருந்து இருந்தே இடுப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் கதிரை எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. அதை நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஊசி போட்டால் கெதியாகச் சுகம் வராதா என்று கேட்டேன். 2018இல் ஆஸ்திரேலியாவில் இதே நோவுள்ள 204 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வைச் சொன்னார், மகனும் அதைத் தேடி வாசித்துச் சொன்னான். எட்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது என்றவர்கள் பயிற்சியும் அறிவுரையும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 77 பேர், ஸ்டீரொயிட் ஊசி போட்ட பிரிவில் 58 பேருக்குச் சற்று மேல், பொறுத்துப் பார்த்த பிரிவில் 29 பேர். மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கும் பயிற்சிதான் முதல், கையால் செய்வது அதோடு சேர்ந்தால் மட்டும் என்று பிரித்தானியாவில் 2022இல் வந்த அரச வழிகாட்டியும் சொல்கிறது. என் மச்சாளுக்கு முழங்கால் தேய்வு. அவவுக்கு அங்கே மூட்டை முறிக்கவே இல்லை, கதிரையில் இருந்து எழும்பி இருக்கிற பயிற்சிதான் கொடுத்தார்கள். அவ முதலில் முகம் சுளித்தா, இப்போது சந்தைக்கு நடந்து போகிறா.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூட்டு நோக்காரருக்கான இடம் மேல்மாடியில், லிஃப்ட் இல்லாமல் இருப்பது சரியே இல்லை. கைபிடி ஒரு பக்கம்தான். மச்சாள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறினா. நேரம் கொடுத்தாலும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவதில்லை, முன்னே போனவருக்கு நேரம் எடுத்தால் நாங்கள் வாங்கில் காத்திருக்க வேண்டும். வாங்குக்குச் சாய்மானமும் இல்லை. பயிற்சியை வாயால் சொல்லித் தருகிறார்கள், படம் போட்ட துண்டு ஒன்று தந்தால் வயதானவர்களுக்கு நல்லது. காசு ஒரு தடவைக்கு 2,500 ரூபாய், எங்களைப் போன்றவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முன்பணம் வாங்குவதில்லை. போகப் போக இடைவெளியைக் கூட்டி, கடைசியில் "இனி வரத் தேவையில்லை, வீட்டில செய்யுங்கோ" என்று அவரே அனுப்பிவிட்டார். பெண்களைப் பார்க்கும்போது உதவிப் பிள்ளை அறைக்குள்ளேயே நிற்கிறாள், திரையும் ஒழுங்காக இருக்கிறது.

முறிவு நெரிவு வைத்தியரை விட்டு ஏன் இங்கே போனாய் என்று அம்மா கேட்டா. எங்கள் ஊர்ப் பரியாரிமாரில் எனக்கு மதிப்புக் குறையவில்லை. அம்மாவின் கை பிசகியபோது பற்றுப் போட்டுச் சுகப்படுத்தியவர்கள் அவர்கள்தான். கைதடிச் சித்த வைத்தியசாலைக்கும் அவ போய்வந்திருக்கிறா. என் நோ பிசகினதில்லை, நாண் நைந்தது. அதற்கு உரம் ஏற்ற வேண்டியிருந்தது.

நல்லூர்க் கோயிலில் கொடியேறியதும் அடியழிக்கலாமா, அதாவது அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு வீதியைச் சுற்றலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. வீட்டு முற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கும்பிட்டு எழும்பிப் பழகி, அடுத்த நாள் நோ கூடாவிட்டால் போகலாம் என்றார். போனேன். வீதி முழுக்க இல்லை, வடக்கு வீதி வரைக்கும் செய்தேன். கண் கலங்கிவிட்டது.

போகிறவர்கள் பழைய எக்ஸ்றேயையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, தொளதொளத்த பாவாடையோ காற்சட்டையோ உடுத்திப் போங்கள். சாறியோடு காலைத் தூக்கிப் பார்க்க முடியாது. விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாதவர்கள், காய்ச்சலோடு மூட்டு வீங்கியவர்கள், சலம் மலம் கட்டுப்பாடு இழந்தவர்கள் அங்கே போகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படியேற ஏலாதவர்கள் முன்னரே போன் எடுத்துச் சொன்னால், கீழே இருக்கிற கடையின் பின்னறையில் வந்து பார்க்கிறார். மச்சாளுக்கு இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தார்.