காது கேட்காமல் போன பிறகு ஐ.டி. வேலை: கேப்ஷனா, சைகை மொழிபெயர்ப்பாளரா?

வளர்ந்த பிறகு செவித்திறனை இழந்தவருக்குக் கோடிங் பெரிய சிக்கல் இல்லை, மீட்டிங்தான் சிக்கல். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷன், அல்லது சைகை மொழிபெயர்ப்பாளர்.

என் ஓட்டு கேப்ஷனுக்கு. ஏற்கெனவே படிக்கத் தெரிந்த மொழியில் வருகிறது. கூகுள் மீட், டீம்ஸ் இரண்டிலும் இந்த வசதி உள்ளேயே உண்டு, அதை இயக்கினால் போதும். நேரில் பேசும்போது ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி உதவும். அதில் தமிழும் உண்டு. ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் தடுமாறும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்பிவிடும். அதனால் முடிவுகளைச் சாட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறையை பாப் கானுடன் சேர்ந்து வடிவமைத்த விண்ட் செர்ஃபும் செவித்திறன் குறைந்தவர்தான். மின்னஞ்சல் தமக்கு எவ்வளவு உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, மொழிபெயர்ப்பாளர்? சிறுவயதிலிருந்தே சைகையில் பேசி வளர்ந்தவருக்குக் கேப்ஷனைவிட அதுதான் தெளிவு. பேசுபவரின் தொனியும் கோபமும் சிரிப்பும்கூட வந்து சேரும். முப்பது வயதில் காது போனவரோ முதலில் அந்த மொழியையே கற்க வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். அடுத்த வாரமே வேலைக்குத் திரும்புகிறவர் கேப்ஷனில் தொடங்கட்டும், சைகை வகுப்புக்கு மாலையில் போகட்டும்.