வெட்டியதைவிட வெட்டாமல் விட்டதற்காக: உறைமழைக்குப் பின் ஒரு மரப் பராமரிப்புச் சேவை

இலைகள் பாதிகூட உதிராத வேளையில் உறைமழை பெய்து, ஒரே இரவில் எங்கள் தோட்டத்து மரங்கள் ஐந்தும் சேதமடைந்தன. அவற்றைச் சீர்செய்ய நான் அமர்த்திய மரப் பராமரிப்புச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது என்பது ஒரு காரணம். வேறோர் ஊரில் வேறொரு குழுவை அமர்த்தப்போகிறவருக்குப் பெயரைவிட அவர்கள் வேலை செய்த முறைதான் பயன்படும் என்பது இன்னொரு காரணம்.

மேலே சற்று வெப்பமான காற்றும் தரையை ஒட்டி உறைநிலைக்குக் கீழான காற்றும் அடுக்காக நிற்கும்போது, உயரத்தில் உருகிய பனி மழையாக இறங்கி, கீழே குளிர்ந்தும் உறையாமல் வந்து, தொட்ட பொருளின்மேல் பட்ட கணத்தில் கட்டியாகிறது; இதுதான் உறைமழை. அப்படிப் படியும் பனிக்கட்டியின் கனத்தை நாம் எளிதில் குறைத்து மதிப்பிட்டுவிடுகிறோம். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறுகிளையைச் சுற்றி 10 மில்லிமீட்டர் பனிக்கட்டி படிந்தால், அதன் மொத்தக் குறுக்களவு 25 மில்லிமீட்டராகிறது; கணக்குப் போட்டுப் பார்த்தால் கிளையைப் போல் 24 மடங்கு கனஅளவுள்ள பனிக்கட்டியை அந்தக் கிளை சுமக்கிறது. இலையில்லாத கிளைக்கே இந்தக் கணக்கு. இலைகள் ஒவ்வொன்றும் ஒரு தட்டாக மாறி மழையை ஏந்தும்போது சுமை எங்கே போகும் என்பதை அன்றிரவு துப்பாக்கி வெடிப்பதுபோல் கேட்ட முறிவுச் சத்தங்களே சொல்லின. 1998 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியல் வட்டாரத்தை முடக்கிய புயலில் சில இடங்களில் 80 மில்லிமீட்டருக்கும் மேல் உறைமழை பெய்தது. மரங்கள் அப்போது இலையற்று நின்றன. 2020 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் அடித்த புயலில் அவ்வளவு மழை தேவைப்படவில்லை. மரங்கள் இலையோடு நின்றதால் கிளைகள் கொத்துக்கொத்தாக முறிந்து விழுந்தன. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. முன்கூட்டியே வரும் புயலின் குணம் இதுதான். போதாததற்கு, தரை இன்னும் உறையாமல் ஈரமாக இருப்பதால் கிளை முறியாத மரம் வேரோடு சாயவும் வாய்ப்புண்டு.

விடிந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஒரு கழியை எடுத்துக் கிளைகளைத் தட்டிப் பனிக்கட்டியை உதிர்த்துவிடலாம் என்பது. நல்லவேளை, செய்யவில்லை. உறைந்து விறைத்திருக்கும் கிளை தட்டினால் ஒடிந்துவிடும். ஒடியாவிட்டாலும் பட்டை கிழியும். வெந்நீர் ஊற்றுவதும் உப்புத் தூவுவதும் அதைவிட மோசம். தானாக உருகும்வரை காத்திருப்பதுதான் வழி என்பதை அந்த நிறுவனத்தின் தொலைபேசியில் பேசியவரே முதல் அழைப்பில் சொன்னார். மின்கம்பி எதுவும் மரத்தின்மேல் கிடக்கிறதா என்று கேட்டார். கிடந்தால் அருகில் போகாமல் மின்வாரியத்தை அழைக்கும்படியும், கம்பி அகற்றப்படும்வரை தங்கள் ஆட்களும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு, எதையும் வெட்டுவதற்கு முன் எல்லா மரங்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். காப்பீட்டு விண்ணப்பத்துக்கு அந்தப் படங்கள் பின்னால் உதவின.

அவர்கள் வருவதற்கு முன்பே, அழைக்காமல் வேறொரு குழு வண்டியில் வந்து நின்றது. புயல் கடந்த இடங்களில் இப்படி வாசலுக்கு வருபவர்கள் உண்டு. உயரம் குறைந்தால் அடுத்த புயலில் பயமில்லை என்று சொல்லி, ஐந்து மரங்களையும் ஒரே மட்டத்தில் மொட்டையடித்துத் தருவதாகவும், முன்பணம் கொடுத்தால் அன்றே முடித்துவிடுவதாகவும் பேசினார்கள். காப்பீட்டுச் சான்றைக் கேட்டதும் பேச்சு மாறியது. மொட்டையடித்த மரத்தில் வெட்டுவாய்களைச் சுற்றி நீர்ப்போத்துகள் எனப்படும் புதுத் தளிர்க்கிளைகள் அடர்த்தியாகக் கிளம்பும். அவை மரத்தின் ஆழத்திலிருந்து வளராமல் மேற்பட்டையை ஒட்டி முளைப்பதால் பிடிப்பு குறைந்தவை. சில ஆண்டுகளில் அவை பழைய உயரத்தையே எட்டிவிடும், ஆனால் பழைய உறுதி இருக்காது. அடுத்த உறைமழையில் முதலில் விழப்போவது அவைதான். கிளம்பிப்போன அந்த வண்டியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான் அமர்த்திய நிறுவனத்தின் நிபுணர் மூன்றாம் நாள் வந்தார். சான்றிதழையும் காப்பீட்டுத் தாளையும் நான் கேட்காமலே எடுத்துக் காட்டினார். அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் ரம்பத்தைத் தொடவே இல்லை. தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்தார். கிளைப்பரப்பில் பாதிக்குக் குறைவாக இழந்த மரம் பெரும்பாலும் தேறிவிடும், பாதிக்கு மேல் இழந்திருந்தால் மரத்தின் வகையையும் வயதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், முக்கால் பங்கு போய்விட்டால் வைத்திருப்பதில் பயனில்லை என்று விளக்கினார். இந்த அளவுகோலின்படி எங்கள் தோட்டத்தில் எடுத்தே தீரவேண்டிய மரம் ஒன்றே ஒன்று: அழகுக்காக நட்ட பூக்கும் பேரி. குறுகிய கூரான கவைகளில் கிளைகளுக்கிடையே பட்டை உள்மடிந்து வளரும் மரம் அது. பார்க்க ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே மரத்தோடு மரம் இணைவதில்லை. நடுவிலிருந்து பிளந்து விரிந்து கிடந்தது. மற்ற நான்கையும், நான் போய்விட்டதென்று முடிவுகட்டியிருந்த வெள்ளி மேப்பிள் உட்பட, காப்பாற்றலாம் என்றார்.

வேலை நாளில் வந்த நான்கு பேரில் ஒருவர் முழுநேரமும் தரையிலேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்கு அது ஆள்செலவாகப் பட்டது. முறிந்தும் விழாமல் மற்றக் கிளைகளில் சிக்கித் தொங்கும் கிளைகள்தான் புயலுக்குப் பின் ஆட்களைக் கொல்பவை என்பதையும், அவற்றைக் கண்காணிப்பதே அவர் பணி என்பதையும் பிறகு புரிந்துகொண்டேன். வில்லாக வளைந்து நுனி தரையில் சிக்கிய ஒரு மரத்தண்டை அவர்கள் கையாண்ட விதமும் பார்க்கத் தக்கது. வளைவின் மேற்புறத்தில் இழுவிசை, உட்புறத்தில் நெருக்கம். தவறான பக்கத்தில் ரம்பம் வைத்தால் தண்டு விடுபட்டு வெட்டுபவரின் முகத்தை நோக்கி வரும். உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்கி இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே அறுத்தார்கள். வீட்டுக்காரர் தொரட்டி போன்ற நீண்ட கழி ரம்பத்தை வைத்துக்கொண்டு தரையில் நின்றபடி செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. இது அவற்றில் சேராது. ஏணியும் செயின்சாவும் சேரும் எந்த வேலையும் சேராது.

வெட்டுமுறையில் அவர்களிடம் குறை காண முடியவில்லை. கனமான கிளையை மூன்று வெட்டுகளில் எடுத்தார்கள்: தண்டிலிருந்து சற்றுத் தள்ளிக் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒன்று, அதற்கும் வெளியே மேலிருந்து ஒன்று, கனம் விழுந்த பின் எஞ்சிய கட்டையைத் தண்டோரமாக எடுக்க ஒன்று. முதல் வெட்டு இல்லாவிட்டால் விழும் கிளை தண்டின் பட்டையை நார்போல் உரித்துக்கொண்டு போகும். புயல் ஏற்கெனவே அப்படி உரித்துவிட்டிருந்த இரண்டு இடங்களில் தொங்கிய பட்டையை மட்டும் கத்தியால் நறுக்கி ஓரத்தை நேராக்கினார்கள். மூன்றாவது வெட்டு, கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் புடைத்திருக்கும் பகுதிக்கு வெளியே விழ வேண்டும். அந்தப் புடைப்பில்தான் வெட்டுவாயை மூடி வளரும் திசு இருக்கிறது. வெட்டுவாயில் தார் அல்லது சாயம் பூசுவீர்களா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து நிறுவியது இதுதான்: மரம் நம்முடைய தோல்போல் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகல் பரவாதபடி சுற்றிலும் சுவரெழுப்பி அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெளியே புதிதாக வளர்கிறது. பூச்சு அந்தச் சுவரை விரைவுபடுத்துவதில்லை. ஈரத்தை உள்ளே பூட்டி அழுகலுக்கு உதவவும் கூடும். அந்த ஆய்வுகளுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கடந்தும், சாயம் பூசித் தருவதைச் சேவையாக விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு சிறிய விஷயத்தையும் கவனித்தேன். பேரி மரத்தில் ஏறியவர் முள் பதித்த ஏறுகொக்கிகளைக் காலில் கட்டியிருந்தார். மேப்பிளில் ஏறும்போது கழற்றிவிட்டுக் கயிற்றை மட்டுமே நம்பினார். வைத்திருக்கப்போகும் மரத்தின் பட்டையில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு துளை இடுவது முறையல்ல என்பதே காரணம். ஒரு குழு தொழில் தெரிந்ததா என்பதை அறிய வேறெந்தக் கேள்வியும் தேவையில்லை என்றுகூட நினைக்கிறேன்.

மேப்பிளின் பிரதான கவை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பிளவின் குறுக்கே எஃகுத் திருகுகம்பி ஒன்றைச் செலுத்தி இறுக்கி, மேலே இரு பெருங்கிளைகளையும் எஃகு வடத்தால் இணைத்தார்கள். கவையிலிருந்து உச்சிவரையான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே வடம் அமைந்தால்தான் குறைந்த விசையில் நிறைய அசைவைத் தாங்கும். வடம் மரத்தைச் சுற்றிக் கட்டப்படவில்லை. சுற்றிக் கட்டினால் மரம் பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும். கிளைக்குள் திருகிய கொக்கிகளில் மாட்டப்பட்டது. ஆண்டுதோறும் சோதிக்க வேண்டிய ஏற்பாடு இது என்பதையும், வடமிட்ட மரம் ஆபத்து நீங்கிய மரமாகிவிடாது, ஆபத்து குறைந்த மரம் மட்டுமே என்பதையும் எழுத்திலேயே தந்தார்கள்.

பிர்ச் மரம் நுனி தரையைத் தொடும்படி குனிந்திருந்தது; அதைத் தொடவே கூடாது என்றார்கள். நார்த்தன்மையால் வளைந்துகொடுக்கும் மரம் அது. பனிக்கட்டி உருகியதும் தானே எழும், எவ்வளவு எழுகிறதென்று அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். பாதி வேர் பெயர்ந்து சாய்ந்திருந்த இளம் மேப்பிளை மட்டும் தாமதிக்காமல் அன்றே நிமிர்த்தி, வேரடியில் மண்ணிட்டு ஈரமாக்கி, அகலமான பட்டைகளால் தளர்வாக முளைக்குச்சிகளில் கட்டினார்கள். ஓக்கில் சிறு முறிவுகள்தாம். ஆபத்தில்லாதவற்றைக் குளிர்காலக் கடைசியில் கவாத்து செய்துகொள்ளலாம், இப்போது கிளைப்பரப்பைச் சமன்படுத்துகிறேன் என்று மேலும் இலைகளை எடுத்தால் ஏற்கெனவே இழந்த மரத்திடமிருந்து இன்னும் பிடுங்குவதாகும் என்றார் நிபுணர். அன்றைக்கே எல்லாவற்றையும் வெட்டி முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ள அவருக்கு நல்ல வாய்ப்பிருந்தது. என் மதிப்பெண்களில் பாதி அந்தப் பேச்சுக்கே.

மீதிப் பாதியில் கழிக்க வேண்டியவை உண்டு. மதிப்பீட்டுக்கும் வேலைக்கும் இடையே பதினொரு நாட்கள் ஓடின. புயலுக்குப் பின் எல்லாருக்கும் அவசரம்தான். ஆனால் நடைபாதைக்கு மேல் தொங்கிய கிளையை முன்னுரிமையில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, இரண்டு முறை தேதியை மாற்றியதோடு ஒருமுறை அதைத் தெரிவிக்கவும் மறந்தார்கள். அந்தப் பதினொரு நாட்களும் நாங்கள் பின்வாசலையே பயன்படுத்தினோம். எழுத்து அறிக்கை துல்லியமானது, ஆனால் துறைச் சொற்கள் நிறைந்து, விளக்கம் கேட்காமல் ஒரு பக்கத்தைக்கூடக் கடக்க முடியாதபடி இருந்தது. அரைத்த மரச்சில்லுகளைத் தோட்டத்துக்கு விட்டுச்செல்லக் கேட்டிருந்தேன். விட்டுச்சென்றார்கள், ஆனால் ஒரே குவியலாக, அதுவும் இளம் மேப்பிளின் தண்டை மூடியபடி. தண்டைத் தொடாமல் வளையமாகப் பரப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வண்டி இறக்கியவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மாலை முழுவதும் நானே வாரிப் பரப்பினேன். பேரியின் அடிக்கட்டையை அகற்றுவது தனிக் கட்டணம் என்பதும் வேலை முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

குளிர்காலக் கடைசியில் சொன்னபடியே வந்து ஓக்கைக் கவாத்து செய்தார்கள். அம்முறை ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது, தேதியும் மாறவில்லை. பிர்ச் முக்கால் பங்கு நிமிர்ந்துவிட்டது. எஞ்சிய சாய்வு எனக்குப் பிடித்திருக்கிறது; வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. இளம் மேப்பிள் துளிர்த்தது, கட்டுகளை ஓராண்டு முடிந்ததும் அவிழ்த்தோம். பெரிய மேப்பிளில் வெட்டுவாய்களைச் சுற்றிப் போத்துகள் கிளம்பியிருக்கின்றன. அவற்றை ஒரேயடியாக எடுக்காமல், நல்ல இடத்தில் அமைந்த சிலவற்றை வளரவிட்டு, மற்றவற்றை மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்படியாகக் கலைக்க வேண்டும் என்பது திட்டம். வடத்தைச் சோதிக்க ஆண்டு முடிவில் அவர்களிடமிருந்து வரவேண்டிய அழைப்பு வரவில்லை; நானே அழைத்து நாள் குறித்தேன். மரச்சில்லுகளை எங்கே கொட்ட வேண்டும் என்பதை இம்முறை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன்.