செல் திரையும் கிறுகிறுப்பும்: ஒரு வருடம் போனபிறகும் நிற்கும் செட்டிங்குகள் எவை?

"செல்லைப் பாத்தாலே தலை கிறுகிறுங்குதுங்க" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "பித்தமா இருக்கும், எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிங்க" என்பார். அடுத்தவர் நைட் மோடைப் போடச் சொல்வார். கண்ணாடிக் கடைக்குப் போனால் புளூ கட் லென்ஸ் கையில் வந்துவிடும். எதை மாற்றினாலும் முதல் வாரம் தேவலை போலத் தோன்றும். மாதங்கள் போனபிறகும் எது தாங்குகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால், கிறுகிறுப்பு எப்போது வருகிறது என்று மூன்று நாள் கவனியுங்கள். பஸ்ஸிலும் காரிலும் மட்டும் வருகிறதா? வீட்டில் அசையாமல் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளும்போது வருகிறதா? ராத்திரி விளக்கை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துப் படிக்கும்போது வருகிறதா? வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே தலைச்சுற்றல்தான். காரணமும் மருந்தும் வேறு வேறு. ஒன்றுக்கான செட்டிங்கை மற்றொன்றுக்குப் போட்டுவிட்டு "பிரயோஜனமில்லை" என்று எடுத்துவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

பஸ்ஸில் வருவது

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை அளக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகள் வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்கின்றன. பஸ் வளையும்போது காது "திரும்புகிறோம்" என்கிறது. கண் செல்திரையில் இருப்பதால் "எதுவும் அசையவில்லை" என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975-இல் இதை விரிவாக எழுதினார்கள். இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம் இதுதான்.

எல்லா அசைவும் ஒரே அளவு குமட்டுவதில்லை. நொடிக்கு 0.2 தடவை, அதாவது ஐந்து நொடிக்கு ஒரு முறை மேலும் கீழுமாக மெதுவாக ஆடுவதுதான் வயிற்றை அதிகம் கலக்கும் என்று 1970-களிலேயே அளந்துவிட்டார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் டவுன் பஸ் தடதடவென்று போனால் இடுப்பு வலிக்குமே தவிர அவ்வளவாக ஓங்கரிக்காது. சொகுசு சஸ்பென்ஷன் காரின் பின்சீட்டில் மெத்தென்று மிதந்து போகும்போதுதான் ஓங்கரிக்கும்.

மலைப்பாதையில் இன்னொன்றும் சேர்கிறது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. வண்டி வளைந்துகொண்டிருக்கும்போதே தலையைக் குனிந்து செல்லைப் பார்த்து, மறுபடி நிமிர்ந்தால், உள்காதின் இரண்டு குழாய்கள் ஒரே நேரத்தில் கிளறப்பட்டு, உண்மையில் இல்லாத மூன்றாவது சுழற்சி ஒன்று நடப்பதுபோலத் தெரியும். மலையில் "திடீர்னு தூக்கிப் போட்டமாதிரி" வருகிற மயக்கத்துக்கு இதுவே காரணம். எந்த செட்டிங்கும் இதைத் தடுக்காது. வளைவில் தலையை சீட்டில் சாய்த்து, அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். செல் பார்க்கத்தான் வேண்டுமென்றால் நேர்ப்பாதையில், கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓரக்கண்ணில் ஜன்னலும் ரோடும் தெரியும். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சீட் விஷயத்தில் ஒரே விதி: பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்காராதீர்கள். ஆட்டம் அங்கேதான் அதிகம். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், முடிந்தால் முன்கண்ணாடி வழியே ரோடு தெரியும் இடத்தில் உட்காருங்கள். பக்கவாட்டில் பெஞ்ச் போட்ட கம்பெனி வேனில் தினமும் போகிறவர்கள் அந்த அரைமணி நேரம் செல்லை எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஐஃபோனின் புள்ளிகள்

2024-இல் வந்த ஐஓஎஸ் 18-இல் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, மோஷன் என்று போனால் வெஹிகிள் மோஷன் கியூஸ். போட்டதும் திரை ஓரங்களில் சின்னப் புள்ளிகள் நிற்கும். வண்டி திரும்பினாலும் வேகம் கூடினாலும் பிரேக் போட்டாலும் அதற்கேற்ப அவை நகரும். காது சொல்வதைக் கண்ணுக்கும் காட்டுவதுதான் யோசனை.

நாள்பட்ட பயன்பாட்டில் இதற்கு மதிப்பெண் உண்டு, முழு மதிப்பெண் இல்லை. திருப்பூரிலிருந்து கோவைக்குப் போகும் நேர்ரோட்டில், நின்று நின்று கிளம்பும் நெரிசலில் வாட்ஸ்அப் படிக்க நன்றாகவே கைகொடுக்கும். கொண்டை ஊசியில் புள்ளிகள் ஓடுவதைப் பார்ப்பதே தனித் தொந்தரவு. முழுத்திரை வீடியோவிலும் கண்ணை இழுக்கும். எழுத்து படிப்பவர்களுக்குத்தான் இது ஏற்றது.

'ஆட்டோமேட்டிக்' நிலையில், வண்டியில் போகிறோம் என்று ஃபோன் தானாகக் கண்டுபிடித்த பிறகே புள்ளிகள் வரும். குமட்டல் ஆரம்பித்த பிறகு அவை வந்து பலனில்லை. கன்ட்ரோல் சென்டரில் அந்தப் பட்டனைச் சேர்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போதே கையால் போடுவது உத்தமம். வீட்டுக்கு வந்து அணைக்க மறந்தால் புள்ளிகள் திரையில் நின்றுகொண்டே இருக்கும். பலர் எரிச்சலாகி மொத்தமாக எடுத்துவிடுவது அதனால்தான்.

ஆண்ட்ராய்டில் கைன்ஸ்டாப் என்ற செயலி இதே வேலையைத் திரைமேல் ஒரு அடிவானக் கோடு வரைந்து செய்கிறது. வேலை செய்கிறது, ஆனால் மற்ற செயலிகளின் மேல் வரைய அனுமதி கேட்கும். அப்படி ஒன்று மேலே கிடக்கும்போது பேங்க் செயலிகள் எச்சரிக்கை காட்டலாம், தொடுதலை ஏற்காமலும் போகலாம். கண்டக்டர் காத்துக்கொண்டு நிற்கும்போது ஜிபே திறக்க மறுத்தால் சங்கடம். டிக்கெட் எடுத்த பிறகு போடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வருவது

ஈரோடு ஜங்ஷனில் நம் ரயில் நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி கிளம்பும். ஒரு கணம் நாமே பின்னால் போவதுபோல இருக்கும். கண் மட்டும் அசைவைப் பார்த்து உடம்பை நம்பவைக்கும் அந்த வேலையைத்தான் ரீல்ஸும் செய்கிறது. ஹெல்மெட்டில் கேமரா கட்டி மலைப்பாதையில் எடுத்த பைக் வீடியோக்கள், கையில் பிடித்து நடந்தபடி எடுத்தவை, விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே இருப்பது, மூன்றும் இதில் சேர்த்தி.

இங்கே மிக மலிவான மருந்து தூரம். சுமார் 15 சென்டிமீட்டர் உயரத் திரையை 20 சென்டிமீட்டரில் பிடித்தால் அது கண்ணில் 41 டிகிரி அடைக்கும். 40 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் 21 டிகிரிதான். திரை பார்வையை அடைக்க அடைக்க மயக்கு வலுக்கும். படுத்துக்கொண்டு மூக்குக்கு மேலே பிடித்துப் பார்ப்பவர்களுக்கு முதலில் வருவது இதனால்தான். மேஜையில் ஒரு செம்பில் சாய்த்து வைத்து, அறை விளக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே போய்விடும். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் ஃபாண்ட் அளவைக் கூட்டுங்கள், ஃபோனைக் கிட்டே கொண்டுவராதீர்கள்.

அடுத்தது அனிமேஷன். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐகான்களுக்குப் பின்னால் படம் மிதப்பதும், செயலி திறக்கையில் திரை பாய்ந்து வருவதும் பலருக்குக் குமட்டியது. அதே வருடம் ஆப்பிள், அசைவைக் குறைக்கும் ரெட்யூஸ் மோஷன் என்ற செட்டிங்கைத் திருத்தி, பாய்ச்சலுக்குப் பதில் மெல்ல மறைந்து தோன்றும்படி செய்தது. இன்றைக்கும் அக்சஸிபிலிட்டி, மோஷனில் அதைப் போட்டு, கீழே உள்ள பிரிஃபர் கிராஸ்-ஃபேட் டிரான்சிஷன்ஸையும் போட வேண்டும். இரண்டாவதை விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

புதிய ஆண்ட்ராய்டுகளில் அக்சஸிபிலிட்டியில் 'கலர் அண்ட் மோஷன்' உள்ளே ரிமூவ் அனிமேஷன்ஸ் இருக்கிறது. சாம்சங்கில் அது விசிபிலிட்டி அல்லது விஷன் என்ஹான்ஸ்மென்ட்ஸுக்குள். யூடியூபில் பலர் காட்டுவது வேறு வழி: பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து, விண்டோ, டிரான்சிஷன், அனிமேட்டர் என்ற மூன்று அளவுகளையும் 0.5 ஆக்குவது. அது ஃபோன் வேகமாகத் தெரிவதற்கான வித்தை. கிறுகிறுப்புக்காரருக்கு அதே பாய்ச்சல் பாதி நேரத்தில் நடப்பது இன்னும் மோசம். மூன்றையும் ஆஃப் ஆக்கலாம். ஆனால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில பேங்க் செயலிகள் ஓடாது. அதற்காக மூடினால் அளவுகள் பழைய நிலைக்குப் போய்விடும். அக்சஸிபிலிட்டி வழியே போதும்.

ஒரு பக்கவிளைவு: அனிமேஷனை எடுத்த ஃபோனில் சில செயலிகளின் சுற்றும் வட்டம் அசையாமல் நின்றுவிடும். பணம் அனுப்பும்போது "ஹேங் ஆயிருச்சு" என்று மறுபடி அழுத்தி, இரண்டு தடவை போய்விடப் போகிறது. வட்டம் நின்றிருந்தாலும் பொறுத்திருந்து, ஹிஸ்டரியைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

இந்த செட்டிங் வீடியோவுக்குள் நடக்கும் ஆட்டத்தை நிறுத்தாது. யூடியூபில் பிளேபேக் இன் ஃபீட்ஸை ஆஃப் செய்தால், பட்டியலைத் தள்ளும்போது படங்கள் தானாக ஓடாது. துப்பாக்கி விளையாட்டுகளில் முதல்நபர் பார்வையைவிட ஆளின் முதுகு தெரியும் மூன்றாம்நபர் பார்வை லேசு. ஃபோனைச் சாய்த்துக் குறிவைக்கும் ஜைரோஸ்கோப் வசதியையும் கேமரா குலுக்கலையும் அணையுங்கள்.

ராத்திரியில் வருவது

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் உண்மையில் மங்கலாக்குவதில்லை. படுவேகமாக அணைத்து அணைத்துப் போடுவது. இதற்கு பிடபிள்யூஎம் என்று பெயர். வெளிச்சம் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் கூடும். பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குத்தான் நெற்றி கனத்து, கண் இழுத்து, லேசாகக் குமட்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

சோதிப்பது சுலபம். இருட்டறையில் உங்கள் ஃபோனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறையுங்கள். இன்னொரு ஃபோனின் கேமராவை புரோ மோடில் போட்டு ஷட்டரை 1/2000 அல்லது 1/4000 ஆக்கிப் பாருங்கள். அழுத்தமான கறுப்புப் பட்டைகள் ஓடினால் திரை விட்டுவிட்டு எரிகிறது. பட்டை மெலிதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் வேகம் அதிகம், பரவாயில்லை. மலிவான எல்இடி பல்புகளையும் இப்படியே பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை நொடிக்கு 100 தடவை சிமிட்டும். குற்றவாளி திரையா, மேலே எரியும் பல்பா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கடையில் சொல்லும் 120 ஹெர்ட்ஸ் வேறு, இது வேறு. அது படம் மாறும் வேகம், இது விளக்கு சிமிட்டும் வேகம். 60-க்கு இறக்கினால் பேட்டரி மிஞ்சும். சிமிட்டல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்இடி விளக்குகளுக்காக ஐஇஇஇ என்ற சர்வதேச மின்பொறியாளர் அமைப்பு 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரைப்படி, முழுவதும் அணைந்து எரியும் விளக்கு 1250 ஹெர்ட்ஸுக்கு மேலிருந்தால் ஆபத்து குறைவு. 3000-க்கு மேல் பாதிப்பு எதுவும் தென்படுவதில்லை. ஐஃபோன், சாம்சங்கின் பல மாடல்கள் 240, 480 அளவில் ஓடுபவை. சில சீனக் கம்பெனிகள் 1920, 2160, 3840 என்று பெட்டியிலேயே போடுகின்றன. ஐஃபோன் 17 வரிசையில் டிஸ்பிளே பல்ஸ் ஸ்மூதிங் என்று இந்தச் சிமிட்டலை நிறுத்தவே ஒரு பட்டன் வந்திருக்கிறது.

இருக்கிற ஃபோனிலேயே சமாளிக்க வேண்டுமென்றால், வெளிச்சக் கோட்டை 60, 70 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, கண் கூசுவதைச் சாஃப்ட்வேரால் குறையுங்கள். ஐஃபோனில் அதற்கு ரெட்யூஸ் ஒயிட் பாயின்ட், ஆண்ட்ராய்டு 12 முதல் எக்ஸ்ட்ரா டிம். ஆட்டோ பிரைட்னஸையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரியானதும் கோட்டை இறக்கிவிடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். நைட் லைட் மஞ்சளாக்குமே தவிர சிமிட்டலைத் தொடாது. இதெல்லாம் செய்தும் தலை கனத்தால், அடுத்த ஃபோனை ஐபிஎஸ் எல்சிடி திரையாகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவும்கூட.

செட்டிங்கில் தீராதவை

நாற்பது தாண்டியவர், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் கண்ணாடியைப் புதிதாகப் போட்டிருந்தால் பழகும்வரை ஓரங்கள் நீந்துவதுபோலத் தெரியும். படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும் சுழற்சி உள்காதுத் துகள்களால் வருவது; காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைத் திருப்பிச் செய்யும் சிகிச்சையில் சரியாகும். கை கால் ஒரு பக்கம் பலமிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

பஸ் குமட்டலுக்கான புரோமெத்தசின் தியோக்ளேட் மாத்திரை, ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டால்தான் கேட்கும். தூக்கம் வரும், இறங்கி வண்டி ஓட்டக் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தலைச்சுற்றலுக்கென்று எல்லோரும் வாங்கும் பீட்டாஹிஸ்டின் உள்காது நோய்க்கானது, பஸ்ஸுக்கானதல்ல. இஞ்சி மொறப்பா சிலருக்குக் கேட்கிறது, கெடுதலில்லை.

முதல் அறிகுறி வாந்தி அல்ல, கொட்டாவி. பிறகு எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும். கொட்டாவியிலேயே செல்லை வைத்துவிட்டால் சீக்கிரம் சரியாகிவிடும். எச்சில் ஊறும்வரை இழுத்தால் பெருந்துறை போய்ச் சேர்ந்தும் வயிறு அடங்காது.

பெரிய அப்டேட் வந்த பிறகும், புது ஃபோனுக்கு மாறிய பிறகும் மேலே சொன்ன செட்டிங்குகளை ஒருமுறை திறந்து பாருங்கள். சிலது இடம் மாறியிருக்கும், சிலது பழைய நிலைக்குப் போயிருக்கும். "போன வருசம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப மறுபடி வருது" என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.