ஹிகாஷியாமாவா, தகாயாமாவா? சக்கர நாற்காலிக்கு எந்தப் பழந்தெரு ஒத்துவரும்

ஜப்பான் போகிறீர்கள். பழைய மர வீடுகள் நிற்கும் தெரு ஒன்றை நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. கூட வருபவர் சக்கர நாற்காலியில் வருகிறார். யாரைக் கேட்டாலும் கியோட்டோவின் ஹிகாஷியாமா என்றுதான் சொல்வார்கள். நான் கைகாட்டுவது மலைக்கு நடுவே இருக்கும் தகாயாமாவின் சன்மாச்சியை. நாற்காலியைத் தள்ளப்போகிறவரை மனதில் வைத்துத்தான் இப்படிச் சொல்கிறேன்.

அழகில் இரண்டுக்கும் குறைவில்லை. ஹிகாஷியாமாவின் சன்னெய்சாக்கா பகுதியும் கியோன் ஷின்பாஷியும் 1976இல், சன்மாச்சி 1979இல், பழமை மாறாமல் காக்க வேண்டிய தெருக்களாக அரசால் அறிவிக்கப்பட்டவை. கூட்டம் இரண்டிலும் உண்டு. கோயில், புகழ், பார்க்க வேண்டியவற்றின் எண்ணிக்கை என்று பட்டியல் போட்டால் கியோட்டோ வெகுதூரம் முன்னால். போய்ச் சேர்வதிலும் அதற்கே சுலபம்: ஷின்கான்சென் என்னும் புல்லட் ரயில் நேராக நிற்கிறது. தகாயாமாவுக்கு நகோயாவில் இறங்கி, ஹிடா விரைவு ரயிலில் இன்னும் ஏறத்தாழ இரண்டே கால் மணி முதல் இரண்டரை மணி நேரம். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் என் சாய்வு மாறவில்லை. காரணம் தரை.

முதலில் ஹிகாஷியாமா. படங்களில் பார்க்கும் அந்த வளைந்த கல்தெரு கியோமிசு கோயிலில் தொடங்கி, சன்னென்சாக்கா, நினென்சாக்கா வழியாக நெனே நோ மிச்சி என்னும் தெரு வரை இறங்கி வருகிறது. சன்னென்சாக்கா என்றும் சன்னெய்சாக்கா என்றும் சொல்லப்படுவது 46 கல்படிகள். நினென்சாக்கா 17 படிகள். பக்கத்தில் சாய்தளம் கிடையாது. ஆக, நடந்து வருபவர் ஒரே கோடாகப் பார்க்கும் தெருவை, நாற்காலியில் வருபவர் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். கியோமிசு ஒரு துண்டு. இரண்டு படிக்கட்டுகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட கடைத்தெரு ஒன்று. கீழே நெனே நோ மிச்சி மற்றொன்று. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக ஹிகாஷியோஜி பெருஞ்சாலைவரை இறங்கி, மறுபடி இன்னொரு சந்தில் ஏற வேண்டும்.

அந்த ஏற்றம்தான் சிக்கல். பேருந்து நிறுத்தத்திலிருந்து கியோமிசு வாசல்வரை விடாமல் ஏற்றம். நடப்பவர் பத்துப் பதினைந்து நிமிடம் என்பார். தள்ளுபவருக்கு அது வேறு கணக்கு. ஆள் 60 கிலோ, இரும்பு நாற்காலி 18 கிலோ, பை 2 கிலோ. ஆக மொத்தம் 80 கிலோ. 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், டயர் உராய்வை விட்டுவிட்டாலும், கிட்டத்தட்ட 7 கிலோ எடையை இடைவிடாமல் முன்னால் தாங்கிப் பிடித்தபடி நடக்கிறீர்கள். 8 அடிக்கு ஓர் அடி என்றால் 10 கிலோ. நின்று மூச்சு வாங்கும்போதும் அந்தப் பாரம் போகாது. நாற்காலியைக் குறுக்கே திருப்பி நிறுத்தி, பிரேக் போட்டால்தான் கை ஓயும். நீங்கள் குறுக்கே திருப்பும் அதே இடத்தில் நூறு பேர் ஐஸ்கிரீமோடு வந்துகொண்டிருப்பார்கள்.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. பலரும் இதை வீட்டிலிருந்து யோசிப்பதில்லை. ஏறும்போது கை தளர்ந்தால் நாற்காலி உங்கள் மேல் சாயும், உடம்பால் தடுத்துவிடலாம். முகம் முன்னோக்கி இறங்கும்போது தளர்ந்தால் நாற்காலி போய்விடும். அதனால் செங்குத்தான சரிவில் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும்: தள்ளுபவர் கீழே, நாற்காலியின் முதுகு கீழ்நோக்கி, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. நெரிசலில் பின்னோக்கி நடப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் சைக்கிள் போலப் பிரேக் உள்ள நாற்காலி இல்லாமல் கியோமிசு சாலையில் இறங்கவே வேண்டாம். சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் நெம்புகோல் பிரேக் நிறுத்தி வைக்க மட்டும்தான். ஓடும்போது வேகம் குறைக்க அதை அழுத்தினால் ஒரு பக்கம் பிடித்து நாற்காலி திரும்பிக்கொள்ளும்.

மின்சார நாற்காலி இருந்தால் இதில் பாதிக் கவலை இல்லை. ஜப்பான் சட்டப்படி 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலத்துக்குள், மணிக்கு 6 கி.மீ. வேகத்துக்குள் இருந்தால் அது பாதசாரிதான், நடைபாதையில் போகலாம். ஆனால் விமானத்தில் பேட்டரி கொண்டுபோகும் விதிமுறை தனிக் கதை. பெரும்பாலானோர் மடிக்கும் கைநாற்காலியோடுதான் போகிறார்கள், இந்த ஒப்பீடும் அதை வைத்துத்தான்.

சரிவுக்கு அடுத்தது, பலர் கண்ணுக்குப் படாத இன்னொன்று: முன்சக்கரம். ஜப்பானின் பழந்தெருக்களில் இருபுறமும் வாய்க்கால் ஓடும். சில இடத்தில் திறந்தபடி, சில இடத்தில் இரும்புக் கம்பி மூடியோடு. வழக்கமான மூடியில் கம்பிக்குக் கம்பி இடைவெளி இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். கைநாற்காலியின் முன்சக்கரத்தின் அகலமும் அதேதான்! சக்கரம் கம்பிக்கு இணையாகப் போனால் அப்படியே இடுக்கில் இறங்கிவிடும். நாற்காலி சட்டென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் நிற்கமாட்டார், முன்னால் சரிவார். இடுப்புப் பட்டை போடாமல் பழந்தெருவுக்குள் நுழையக் கூடாது என்பது இதனால்தான். கடக்கும் முறையும் ஒன்றுதான்: பின்பக்கம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மிதிகம்பியைக் காலால் அழுத்தி, கைப்பிடியைக் கீழே இழுத்து, முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பின்சக்கரத்தில் மட்டும் கடத்துவது. பத்து முறை செய்தால் பழகிவிடும். நாற்பது முறை செய்தால் இடுப்பு போய்விடும்.

இங்கேதான் தகாயாமா ஜெயிக்கிறது. அந்த ஊர் 1996இலிருந்து, உடல் ஊனமுற்றோரையே வரவழைத்து, ஊரைச் சுற்றவிட்டு, எங்கே இடிக்கிறது என்று கேட்டுத் திருத்திவருகிறது. கேட்டதில் ஒன்று இந்தக் கம்பி மூடி. பழந்தெருப் பகுதிகளில் நெருக்கமான கம்பிகள் கொண்ட மூடியாக மாற்றினார்கள். முன்சக்கரமும் ஊன்றுகோலின் நுனியும் இறங்காது. நடைபாதையும் சாலையும் சேரும் இடத்தின் மேட்டையும் குறைத்தார்கள். படத்தில் இதெல்லாம் தெரியாது. அரை நாள் தள்ளிப் பார்த்தால் தோளுக்குத் தெரியும். இருந்தாலும் மூடியில்லாத வாய்க்கால் உள்ள தெருக்களும் இங்கே உண்டு. ஓரமாக ஒதுங்கும்போது கண் கீழே இருக்கட்டும்.

இரண்டாவது, சன்மாச்சி சமதரையில் இருக்கிறது. மியாகாவா ஆற்றுக்குக் கிழக்கே ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் தெருக்கள். இவற்றில் காமி-சன்னோமாச்சிதான் எல்லார் படத்திலும் வருவது. படிக்கட்டால் தெரு துண்டாவதில்லை. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்து, அடுத்த தெருவில் திரும்பி வரலாம். நடப்பவர் பார்ப்பதைத்தான் நாற்காலியில் இருப்பவரும் பார்க்கிறார், அதே வரிசையில். என்னைக் கேட்டால் ஒரு ஊரை "சுற்றிப் பார்த்தோம்" என்று சொல்ல இதுதான் அளவுகோல்.

ரயில் நிலையத்திலிருந்து தெருவரைகூட டாக்ஸி தேவையில்லை. 2016இல் புதிதாகக் கட்டிய நிலையம், லிஃப்ட் உண்டு. கிழக்கு வாசலில் வெளியே வந்து கொக்குபுன்ஜி தெருவில் நேராகத் தள்ளினால், வழியில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கிங்கோ மரம் நிற்கும் கொக்குபுன்ஜி கோயில், பிறகு காஜிபாஷி பாலம், அதைத் தாண்டினால் பழந்தெரு. நின்று நிதானமாகப் போனாலும் கால் மணி நேரம். வரும் ஹிடா ரயில்கள் 2023இலிருந்து எல்லாமே எச்.சி.85 வகை, சக்கர நாற்காலிக்கு இடமும், நாற்காலியோடு நுழையும் கழிப்பறையும் உள்ளவை. அந்த இடத்தை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிய வேண்டும். ஏறும் நிலையத்தில் முன்கூட்டிச் சொன்னால் பலகைச் சாய்தளத்தோடு ஊழியர் பிளாட்ஃபாரத்தில் நிற்பார், இறங்கும் இடத்துக்கும் அவர்களே தகவல் சொல்லிவிடுவார்கள். நகோயாவில் கிளம்பும்போது இருக்கைகள் எல்லாம் பின்னோக்கி இருந்தால் பதற வேண்டாம். கிஃபுவில் ரயில் திசை மாறும்.

காலை வேளையைத் தெருவுக்கு விட்டுவிடுங்கள். மியாகாவா காலைச் சந்தை ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏழு மணிக்குத் தொடங்கும், ஆற்றோரச் சமதரை. அதை முடித்துக்கொண்டு, சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டுவதற்குள் காமி-சன்னோமாச்சிக்குப் போய்விட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அதே தெருவில் ஹிடா மாட்டிறைச்சிக் கடை வரிசைகள் குறுக்கே நிற்கும்; அப்போது பக்கத்து நினோமாச்சிக்கோ இச்சினோமாச்சிக்கோ ஒதுங்கினால் நிம்மதி. வாசலில் தேவதாரு இலைப் பந்து தொங்கினால் அது சாக்கே என்னும் அரிசி மது காய்ச்சும் வீடு.

குறையைச் சொல்லாமல் விடக் கூடாது. தெரு சமம் என்பதால் வீடும் சமம் என்று ஆகிவிடாது. யோஷிஜிமா, குசகாபே போன்ற பழைய வணிகர் வீடுகளில் நுழைந்ததும் மண்தரைக் கூடம், அதற்குமேல் பாய் விரித்த தளம் முழங்கால் உயரத்தில். நாற்காலி மண்தரையோடு நின்றுவிடும். நல்லவேளையாக அந்த வீடுகளின் பெருமையே தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் உத்திரங்கள்தான். மண்தரையிலிருந்து அண்ணாந்தாலே அது முழுசாகத் தெரியும். ஜின்யா என்னும் பழைய ஆட்சியர் அலுவலகத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், முன்முற்றம் சரளைக்கல். அங்கே வாசல் ஊழியரிடம் முதலிலேயே கேட்டுவிட்டு நுழையுங்கள். திருவிழாத் தேர்களைப் பார்க்க யாத்தாய் காட்சியகம் போகலாம், உள்ளே சாய்தளமாகவே சுற்றி வரலாம். தேர் ஓடும் ஏப்ரல் 14, 15, அக்டோபர் 9, 10 ஆகிய நாள்களில் மட்டும் நாற்காலியோடு ஊருக்குள் போகாதீர்கள். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு முதுகுகள்தான் தெரியும்.

சரளைக்கல் இரண்டு ஊரிலும் எதிரி. முன்சக்கரம் புதைந்தால் தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் வரும். ஜப்பானிலேயே செய்யப்படும் ஜின்ரிகி என்ற இணைப்பு இதற்கென்றே வந்தது: நாற்காலியின் முன்னால் இரண்டு கம்பிகளை மாட்டி, கைவண்டி போல இழுப்பது. முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். காற்றடைத்த டயர் உள்ள நாற்காலி என்றால், ஜப்பானியச் சைக்கிள் பம்பு நம்மூர்ச் சைக்கிள் வால்வுக்குப் பொருந்தும்; தங்குமிடத்தில் கேட்டாலே கிடைத்துவிடும். பழந்தெருவுக்குக் கிளம்பும்முன் காற்று சரியாக இருக்கட்டும். டயர் தளர்ந்தால் சமதரையே ஏற்றம்போல இழுக்கும், பிரேக்கும் பிடிக்காது.

கனாசாவாவின் ஹிகாஷி சாயா தெருவும் 1820இல் உருவான சமமான கல்தளத் தெருதான். ஆனால் தெரு சின்னது, நிலையத்திலிருந்து பேருந்தோ டாக்ஸியோ வேண்டும், தேநீர் விடுதிகளின் விசேஷ அறைகள் செங்குத்தான மரப்படிக்கு மேலே. ஷின்கான்சென் அந்த ஊர்வரை வருகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கியோட்டோவை விடவே முடியாது என்பவர்கள் அந்தப் புகழ்பெற்ற இறக்க வழியை மறந்துவிட்டு, கீழ்ப்பகுதியைத் தனியாகப் பிடியுங்கள். கெய்ஹான் ரயிலின் கியோன்-ஷிஜோ நிலையத்தில் லிஃப்டில் மேலே வந்து, ஷிராகாவா ஓடையோரம், பிறகு ஹனமிகோஜி வழியாக கென்னின்ஜி கோயில் வளாகம்வரை சமதரை. ஹனமிகோஜியின் கிளைச் சந்துகள் தனியாருக்குச் சொந்தமானவை, 2024இலிருந்து அங்கே நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கிறது; பெரிய தெருவில் தடையில்லை. யசாக்கா கோயிலின் மேற்கு வாயில், அதாவது ஷிஜோ தெருவைப் பார்த்தபடி எல்லாரும் படமெடுக்கும் சிவப்பு வாயில், படிக்கட்டு. மருயாமா பூங்காப் பக்கமாக உள்ளே போங்கள். பூங்காவிலிருந்து தெற்கே வந்தால் நெனே நோ மிச்சி. அகலமான கல்தளம், நாற்காலிக்கு ஒத்துவரும். நினென்சாக்கா படியின் அடியில் திரும்பிவிடுங்கள்.

கியோமிசுவுக்கு இன்னொரு காலையில் டாக்ஸி. உயரமான ஜேபிஎன் டாக்ஸி வகையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. சாய்தளம் பொருத்தச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் போக்குவரத்து அடைத்த தெருவோரத்தில் கை காட்டாமல் ஹோட்டல் வாசலுக்கே அழைப்பது நல்லது. வாசலுக்கு எவ்வளவு அருகில் வண்டியை விடுவார்கள் என்பதைக் கோயிலில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கியோமிசுவின் சிவப்பு வாயிலுக்கு இடப்புறம் சக்கர நாற்காலி வழி பிரிகிறது. சரிவு உண்டு, படி இல்லை. 13 மீட்டர் உயர மரமேடைவரை அதிலேயே போய்விடலாம். கதவு திறக்கும் காலை ஆறு மணிக்கே போனால், பின்னோக்கி இறங்கி வரும்போது முதுகில் யாரும் மோத மாட்டார்கள்.

தகாயாமாவுக்கு மாதம் பார்த்துப் போக வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. வழித்து ஒதுக்கிய பனி, நாற்காலி ஒதுங்க வேண்டிய அந்த வாய்க்கால் ஓரத்திலேயே குவிந்து உறைந்து கிடக்கும். அந்த நான்கு மாதத்தில் பயணம் என்றால் ஹிகாஷியாமாவின் கீழ்ப்பகுதிதான் சரி, மேலே சொன்ன அத்தனையையும் மீறி.