முற்றத்தைப் பார்த்த கூடத்துக்கு ஒரோசியா, கீல் கதவா?

ஈரானின் காஷான் நகரில் காஜார் அரச வம்சக் காலத்து வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாகச் சீரமைக்கும் பணியில் இருந்தபோது, முற்றத்தைப் பார்த்த பெரிய கூடத்தின் முகப்பை எதைக்கொண்டு அடைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஈரானியக் கட்டட மரபில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலும் கீழுமாக நகரும் ஒரோசி என்ற மரச் சாளரம். மற்றொன்று, கீலில் திறக்கும் இரட்டைக் கதவு வரிசை. நாங்கள் ஒரோசியைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

அழகில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சைக் கண்ணாடிகளை நட்சத்திர வடிவங்களில் கோக்கும் கெரே-சினி வேலைப்பாட்டை இரண்டிலுமே செய்யலாம். (வண்ண ஒளி கொசுவை விரட்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.) ஒரோசி மேலேறிவிடுவதால் அறைக்குள் இடத்தை அடைக்காது, காற்றில் அடித்துக்கொள்ளவும் செய்யாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். கெரே-சினியில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. காடி (நீளவாக்குப் பள்ளம்) எடுத்த மெல்லிய மரக் குச்சிகள் ஒன்றையொன்று நாக்கும் துளையுமாகக் கவ்விக்கொள்ள, அவற்றின் இடைவெளியில் கண்ணாடித் துண்டுகள் செருகப்பட்டிருக்கும். வெயிலிலும் குளிரிலும் மரம் விரிந்து சுருங்க இந்தத் தளர்வு இடம் கொடுக்கிறது; ஆனால் வெளிச்சட்டம் மூலைமட்டம் தப்பினால் அந்த அமைப்பு முழுவதும் கோணிவிடும். கீல் கதவு ஒரு பக்கமாகவே தொங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் எதிர்முனை இறங்குகிறது. அப்போது முதலில் நாக்குகள் துளையிலிருந்து நழுவுகின்றன, பிறகு கண்ணாடி ஆடுகிறது. நாங்கள் கழற்றிய பழைய கதவொன்றில், கீலுக்கு எதிர்ப்புறக் கீழ்மூலையில் மட்டும் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு விழுந்திருந்தது; கீலை ஒட்டிய பக்கம் இறுக்கமாகவே இருந்தது. ஒரோசியோ மூடிய நிலையில் கீழ்ச்சட்டம் முழுவதையும் வாசற்படியில் ஊன்றி நிற்கிறது. இரு பக்கமும் காடிகள் தாங்குகின்றன. அதனால் அது கோணுவதற்கான காரணமே குறைவு. இது முக்கியம், ஏனெனில் நடுவில் உள்ள ஒரு நட்சத்திரத்தில் கண்ணாடி உடைந்தால்கூட ஓரச் சட்டத்தைத் தளர்த்தி, குச்சிகளை வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும். அந்த வேலை எத்தனை அரிதாக வருகிறதோ அத்தனை நல்லது.

ஒரோசிக்குச் செலவு அதிகம். மேலேறும் சாளரம் ஒளிந்துகொள்ள, மேற்பகுதியின் நிலையான பின்னலை இரண்டு அடுக்காகச் செய்ய வேண்டும். உயரம் குறைந்த திறப்பில் அதற்கு இடமே இருக்காது. எதிர் எடை கிடையாது என்பதால் தூக்குவதற்குக் கைவலு வேண்டும். தூக்கியதைப் பக்கத்துக் கொண்டி பிடித்துக்கொள்ளும், அந்தக் கொண்டி தேய்ந்தால் ஆபத்து. வயதானவர்கள் தினமும் திறந்து மூடும் அறைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் அனுபவம் காஷானின் வறண்ட காற்றுக்கு உட்பட்டது. யஸ்தின் தௌலதாபாத் தோட்டம், ஷீராஸின் கரீம் கான் கோட்டை ஆகிய இடங்களில் நிற்கும் ஒரோசிகளும் பெரும்பாலும் வறண்ட காற்றிலேயே நிற்கின்றன. காஸ்பியன் கரையோர கீலான் போன்ற ஈரமான பகுதியில் மரம் ஊறிப் பெருத்துக் காடியில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், அங்கே இதே உறுதியுடன் பேசத் தயங்குவேன்.

பக்கத்துச் சிற்றறைகளுக்கு நாங்களும் கீல் கதவுகளையே வைத்தோம். ஆனால் அசையும் பகுதியில் வெறும் மரப்பலகைதான். கெரே-சினியை மேலே உள்ள அசையாத அரைவட்டத்துக்குள் மட்டும் நிறுத்திக்கொண்டோம்.