டெலிகிராம், வாட்ஸ்அப், சிக்னல்: அரசு கேட்டால் கொடுக்க யாரிடம் என்ன இருக்கிறது?

எந்த ஆப் பாதுகாப்பானது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. நிறுவனர் எந்த அரசுக்கும் பணியாதவர் என்கிறார் ஒருவர், சர்வர் இருக்கிற நாட்டில் சட்டம் கறார் என்கிறார் இன்னொருவர். நான் பார்ப்பது ஒன்றைத்தான். நாளைக்கே ஒரு அரசு உத்தரவோடு வந்து நின்றால், எடுத்துக் கொடுக்க அந்த நிறுவனத்தின் கையில் என்ன இருக்கும்? கையில் இருப்பதை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் கொடுக்க வேண்டி வரும். இல்லாததை யாராலும் வாங்க முடியாது.

முதலில் டெலிகிராம், ஏனென்றால் நிறையப் பேர் தவறாக நம்பியிருப்பது இதைத்தான். அங்கே சாதாரணமாகத் திறந்து பேசுகிற எந்த உரையாடலுக்கும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி போடும் பூட்டு, கிடையாது. எழுதுவதெல்லாம் அவர்களுடைய சர்வரில் இருக்கிறது, திறக்கும் சாவியும் அவர்களிடம்தான். 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தேடிப் போய்த் தொடங்கினால்தான் பூட்டு விழும், அதுவும் இரண்டு பேர் பேசும்போது மட்டும். குரூப்புக்கு அந்த வசதியே இல்லை. ஆகஸ்ட் 2024இல் அதன் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே விதி மாறியது: முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிமீறியவர்களின் ஐபி முகவரியையும் (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போன் நம்பரையும் கொடுப்போம் என்றார்கள். அதுவரை பயங்கரவாத வழக்குகளுக்கு மட்டும் என்று இருந்தது. கொடுப்பது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஒரே மாதத்தில் மாறக்கூடிய ஒரு விதியை நம்பித்தான் அவ்வளவு பேர் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதே சமயம், ஊரறியப் பேசுவதற்கு டெலிகிராம் அளவுக்கு மற்ற இரண்டும் வராது. சேனலில் எத்தனை லட்சம் பேர் வேண்டுமானாலும் சேரலாம். 2020இல் பெலாரஸில் போராட்டங்கள் வெடித்து, இணையமே அடிக்கடி அறுந்துபோன நாட்களில், செய்தி பரவியதில் டெலிகிராம் சேனல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லோரும் கேட்கட்டும் என்று சொல்கிற விஷயத்தை அங்கே சொல்லுங்கள். ஒருவர் காதில் மட்டும் சொல்ல வேண்டியதை அங்கே சொல்லாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் நிலைமை தலைகீழ். 2016 முதல் எல்லா உரையாடல்களுக்கும், குரூப் உட்பட, சிக்னல் உருவாக்கிய அதே என்கிரிப்ஷன் முறைதான். நீங்கள் எழுதியதை நிறுவனத்தால் படிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினீர்கள் என்கிற மெட்டாடேட்டா தெரியும். நிருபருக்குத் தகவல் கொடுக்கிற ஒரு அரசு ஊழியரை நினைத்துப் பாருங்கள், அவர் என்ன எழுதினார் என்பதே தேவையில்லை. அந்த நிருபரோடு பேசினார் என்று தெரிந்தாலே அவர் கதை முடிந்தது. அப்புறம் பேக்கப். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ போய் உட்காரும் பேக்கப்புக்கு என்கிரிப்ஷனை நீங்களே போய் ஆன் செய்ய வேண்டும், 2021இல்தான் அந்த வசதியே வந்தது. நீங்கள் செய்து, எதிரில் இருப்பவர் செய்யவில்லை என்றால் உங்கள் பேச்சு அவர் பேக்கப்பில் கிடக்கும். அரசுகளின் கண்ணும் இந்தப் பக்கம்தான்: பிரிட்டன் அரசு கொடுத்த நெருக்கடியில், ஐகிளவுடை முழுக்கப் பூட்டும் வசதியை பிப்ரவரி 2025இல் ஆப்பிள் அந்த நாட்டில் விலக்கிக்கொண்டது.

சிக்னலைப் பற்றிச் சொல்ல ஒரு வழக்கே போதும். 2016இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைப்பில் வந்தது. வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. பதிவு செய்ய இன்னும் போன் நம்பர் வேண்டும் என்பது எனக்கும் குறைதான், 2024 முதல் யூசர்நேம் வைத்து எதிரில் இருப்பவரிடமிருந்து நம்பரை மறைக்கலாம் என்றாலும்கூட. உண்மையான சிக்கல், நமக்குத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அதற்காக எல்லோரையும் இழுத்துவர வேண்டியதில்லை; முக்கியமான நான்கு பேர் வந்தால் போதும். மறையும் மெசேஜ் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள், ஏனென்றால் போனையே பிடுங்கித் திறந்துவிட்டால் எந்த என்கிரிப்ஷனும் உதவாது.

சரி, பேச்சுக்கு இது. படிக்கவும் தேடவும்? இங்கே போட்டி விபிஎன்னுக்கும் டோருக்கும், இரண்டும் இணையத்தில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை மறைக்கும் கருவிகள். விபிஎன் போட்டால் உங்கள் இணைப்பு அதை நடத்தும் நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகும்; இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். எனவே அதே கேள்வி. ஏப்ரல் 2023இல் ஸ்வீடன் போலீஸ் முல்வாட் என்கிற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குத் தேடுதல் உத்தரவோடு போய் வெறுங்கையோடு திரும்பியது, எடுக்க வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லை. இந்தியாவில் 2022இல் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்ட், சர்ஃப்ஷார்க் ஆகியவை தங்கள் சர்வர்களையே அங்கிருந்து எடுத்துவிட்டன. இலவச விபிஎன் பக்கம் நான் போகவே மாட்டேன்.

டோர் யாரையும் நம்பச் சொல்வதில்லை. உங்கள் இணைப்பு மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், கடைசிக்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியும், இரண்டும் சேர்ந்து எதற்கும் தெரியாது. மெதுவாக இருக்கும், சில தளங்கள் உள்ளேயே விடாது. தினசரி வேலைக்கு நல்ல விபிஎன் போதும். ஆபத்தான ஒன்றைத் தேடவோ வெளியிடவோ போகிறீர்கள் என்றால் டோர்தான், வேகத்தைப் பற்றி அங்கே யோசிக்காதீர்கள். ஆனால் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது மட்டும் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அதுவே ஆபத்தான நாடுகளில் அதையும் மறைக்கத்தான் பிரிட்ஜ்கள், அதாவது டோருக்குள் நுழைய உதவும் மறைமுக வழிகள், இருக்கின்றன.

அதில் ஒன்று ஸ்னோஃப்ளேக். தடையில்லாத நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்களின் பிரவுசர் வழியாகத் தடைக்குள் இருப்பவரை டோருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்களுக்கு இன்று எந்தத் தடையும் இல்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷனை உங்கள் பிரவுசரில் போட்டு விட்டுவிடுங்கள். அவர் போகிற தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது, ஏனென்றால் நீங்கள் நுழைவாசல் மட்டுமே.